நேபாளத்துக்கு 'ஃபுல் இன்சூரன்ஸ்' மட்டும் போதாது

"திருநெல்வேலியில வண்டிக்குப் போட்ட ஃபுல் இன்சூரன்ஸ் நேபாளத்துலயும் செல்லும், தனியா ஒண்ணும் வேண்டாம்"னு மேலே ஒரு தம்பி சொல்லியிருக்காரு. தப்பு மக்கா, இதை நம்பிக் கிளம்பிராதீங்க. பாலிசித் தாள்ல 'ஜியாகிரஃபிக்கல் ஏரியா'ங்கிற இடத்தைப் பாருங்க. 'இந்தியா'ன்னு மட்டும் இருந்தா சுனௌலி எல்லையைத் தாண்டினதும் கவர் கிடையாது. கிளம்புறதுக்கு முன்னாலயே இன்சூரன்ஸ் கம்பெனியில ஐ.எம்.டி. 1 எண்டார்ஸ்மென்ட், அதாவது கவரை வெளிநாட்டுக்கும் நீட்டிக்கிற சேர்க்கைத் தாள், கேட்டு வாங்குங்க. 2002 மோட்டார் டாரிஃப்ங்கிற கட்டணப் பட்டியல்ல இதுக்கு ஃபுல் பாலிசின்னா 500 ரூபா, தேர்ட் பார்ட்டி மட்டும்னா 100 ரூபான்னு இருந்துச்சு. வரி தனி, நீட்டிப்பு அதிகபட்சம் 12 மாசத்துக்கு. நாட்டுப் பேரு தாள்ல ஏறியிருக்கான்னு அங்கனயே வாசிச்சுப் பாருங்க. பூட்டான், இலங்கைக்கும் இதே எண்டார்ஸ்மென்ட்தான். ஆனா கப்பல்ல வண்டியை ஏத்திப் போறப்ப ஆகுற சேதம் இதுல வராது. லைசென்ஸ் இல்லாத கூட்டாளிகிட்ட வண்டியைக் கொடுத்தா, இதெல்லாம் இருந்தும் வண்டிச் சேதத்துக்குக் கிளெய்ம் நிக்காது.