முதல் அடியில் சாகக் கூடாது, இரண்டாவதில் சாகலாம்

போன மாதம் எங்கள் குழுவில் புதிதாக ஒரு தம்பி சேர்ந்தான். ஆளுக்கொரு பாத்திரமாக, டைஸ் உருட்டி மேசையில் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி விளையாட்டை அதற்கு முன் தொட்டதே இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து தன் கேரக்டராக ஒரு விஸார்டை, அதாவது மந்திரவாதியை, உருவாக்கிக்கொண்டு வந்திருந்தான். குருவோடு என்ன சண்டை, காணாமல் போன அக்காவை எங்கே தேடப் போகிறான், இடது கையில் ஏன் தீக்காயம், எல்லாம் எழுதி வைத்திருந்தான். தாளின் மூலையில் ஹிட் பாயிண்ட், அதாவது அடி தாங்கும் உயிர்ப் புள்ளி, 7.

கதையையும் எதிரிகளையும் நடத்தும் டன்ஜன் மாஸ்டர் நான்தான். முதல் சண்டையில் புதருக்குப் பின்னாலிருந்து கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள் நாலு பாய்ந்தன. ஒன்று அவனை வெட்ட வந்தது. எல்லோர் கண் முன்னாலும் இருபது முக டைஸான டி20-ஐ உருட்டினேன். 20 விழுந்தது, கிரிட்டிகல், அதாவது சேத டைஸ் இரட்டிப்பாகும் அடி. அடுத்து சேதத்துக்கு இரண்டு டி6 (ஆறு முக டைஸ்), இரண்டிலும் 6. அதோடு கோப்ளினின் போனஸ் 2 சேர்த்தால் 14. நாங்கள் ஆடுவது 2014-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு. அதன் விதிப்படி 7 போய்ப் பூஜ்யமான பிறகும் மிச்சம் 7 இருக்கிறது. மிச்சம் அவனுடைய முழு ஹிட் பாயிண்டைத் தொட்டுவிட்டால் அந்த இடத்திலேயே மரணம். விழுந்தவன் பிழைக்க உருட்டும் டெத் சேவுக்குக்கூட வழியில்லை.

"அண்ணே, நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலையே" என்றான்.

அந்தக் குரல் இன்னும் என்னை விடவில்லை. ஒரு தாக்குதலில் இப்படி நடக்க 720-ல் ஒரு வாய்ப்புதான், அபூர்வம் என்று தள்ளிவிடலாம். ஆனால் அதே கோப்ளினின் சாதாரண அடியைப் பாருங்கள். டி6-ல் 5 அல்லது 6 விழுந்தாலே அந்த விஸார்ட் கீழே கிடப்பான். படுகிற அடிகளில் மூன்றில் ஒன்று அவனைச் சாய்த்துவிடும். இதை அபூர்வம் என்று சொல்ல முடியாது.

ஆட்டத்தைத் தொடங்கும் முதல் லெவல் கேரக்டர் எவ்வளவு தாங்க வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் ஹிட் பாயிண்ட் 7 போதுமா, 14 வேண்டுமா என்றுதான் ஆரம்பிக்கிறோம். எனக்கு அந்த எண் முக்கியமில்லை. எத்தனை அடி தாங்குவான் என்பதுதான் கேள்வி. முழு பலத்தோடு நிற்பவன் ஒரே அடியில் விழக் கூடாது. அடுத்த அடியில் விழலாம், சாகவும் செய்யலாம். இரண்டு அடிக்கும் நடுவில் ஒரு டர்ன் கிடைக்கிறதே, ஓடலாமா, ஒளியலாமா, கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் பேசிப் பார்க்கலாமா என்று யோசிக்கிற அந்த ஒரு டர்னுக்காகத்தான் நாம் மேசையில் உட்காருகிறோம். அது இல்லையென்றால் டைஸ் தானே ஆடிக்கொள்ளும்.

இந்த ஆட்டத்தின் பழைய பதிப்புகளை ஆடியவர்கள், முதல் அடியில் சாவது சகஜம்தானே என்று உடனே சண்டைக்கு வருவார்கள். நானும் 1981 பேஸிக் பதிப்பை விரும்பி ஆடியவன், அதனால் கணக்கோடு சொல்கிறேன். அதில் மந்திரவாதியான மேஜிக் யூசருக்கு ஹிட் பாயிண்ட் ஒரே ஒரு டி4 (நாலு முக டைஸ்). அடி விழுந்தால் டி6. போனஸ் எதுவும் இல்லாவிட்டால் 24 சேர்க்கைகளில் 18-ல் முதல் அடியே கடைசி அடி. டி8 உருட்டும் போர்வீரனான ஃபைட்டருக்கே 48-ல் 21. பூஜ்யம் என்றால் செத்தாயிற்று. மேஜிக் யூசருக்கு நாளுக்கு ஒரே ஒரு மந்திரம் வேறு.

இவ்வளவு இருந்தும் அந்த ஆட்டம் நன்றாக ஓடியது. காரணம், அந்தப் பலவீனத்தைச் சுற்றி வேறு விஷயங்கள் முட்டுக் கொடுத்தன. எதிரே வருகிற பூதம் அடிக்கத்தான் வேண்டும் என்றில்லை. ரியாக்‌ஷன் என்று இரண்டு டி6 உருட்டுவோம். நல்ல எண் விழுந்தால் அது பேசும், வழிவிடும். சண்டை தொடங்கிய பிறகும் மொரேல் (துணிச்சல்) சோதனை உண்டு, தோழன் செத்தால் கோப்ளின்கள் தெறித்து ஓடவும் கூடும். லெவல் ஏற உதவும் அனுபவப் புள்ளியில் பெரும்பகுதி புதையலிலிருந்து வந்ததால் சண்டையைத் தவிர்ப்பதுதான் லாபம். கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். அப்புறம், செத்தால் மூன்று டி6-ஐ ஆறு முறை உருட்டி, மந்திரவாதி, வீரன் போன்ற வகுப்பைத் தேர்ந்தெடுத்து, சாமான் வாங்கிக் கொஞ்ச நேரத்தில் புது ஆளோடு திரும்பிவிடலாம்.

இன்றைக்கு நடப்பது என்ன? அந்த முட்டுகளையெல்லாம் எடுத்துவிட்டுப் பலவீனத்தை மட்டும் வைத்துக்கொள்கிறோம். ஒரு கேரக்டருக்கு இரண்டு நாள் உழைக்கச் சொல்கிறோம், பின்கதை கேட்கிறோம், நேராகப் புதருக்குப் பின்னால் கோப்ளினை நிறுத்துகிறோம். இது நியாயமே இல்லை.

மறுபக்கம் போனாலும் எனக்கு ஒப்பவில்லை. 2008-ல் வந்த நான்காம் பதிப்பில் விஸார்டுக்கு முதல் லெவலில் 10-உடன் கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) மதிப்பெண்ணை முழுசாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். அது 12 என்றால் ஹிட் பாயிண்ட் 22. அதில் ஒரு வருஷம் ஆடினோம். யாரும் சாகவில்லை, ஆனால் யாரும் கதவுக்குப் பின்னால் காது வைத்துக் கேட்கவும் இல்லை. உதைத்துத் திறந்துகொண்டு போனோம். "மூன்றாம் லெவலிலேயே ஆரம்பித்துவிடு" என்று நண்பர்கள் சொல்வது பழகியவர்களுக்குச் சரி. புதியவனுக்கு முதல் நாளே அத்தனை திறன்களையும் தலையில் கொட்டினால் தாளைப் படிப்பதிலேயே மாலை போய்விடும்.

அதனால் எங்கள் மேசையில் இப்போது ஒரே ஒரு மாற்றம். முதல் லெவலில் இருக்கும் வரை, முழு ஹிட் பாயிண்டோடு நிற்பவரை எந்த ஒற்றை அடியும் 1-க்குக் கீழே இறக்காது. அவ்வளவுதான். அடுத்த அடிக்குப் புத்தகத்தில் உள்ள விதி அப்படியே. டைஸைத் திரைக்குப் பின்னால் உருட்டி, எண்ணை மாற்றிச் சொல்லிக் காப்பாற்றுகிற வேலை எனக்குப் பிடிக்காது. ஒருமுறை பொய் சொன்னது தெரிந்துவிட்டால் அப்புறம் எந்த வெற்றியையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். விதியை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட்டு, திறந்த மேசையில் உருட்டுவதே மேல்.

அந்தத் தம்பியை வற்புறுத்தித் திரும்பக் கூப்பிட்டேன். போன ஞாயிறு புது கேரக்டர், ஒரு க்ளெரிக், தெய்வ அருளால் மந்திரம் செய்பவன். ஹிட் பாயிண்ட் 9. குகை வாசலில் ஓர்க் என்ற முரட்டுப் பூதம் ஒன்று கோடரியால் 12-க்கு அடித்தது. 1-ல் நின்றான். மேசையில் யாரும் பேசவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "என் கையில் இருக்கிற விளக்கை வைக்கோல் மேல போடுறேன் அண்ணே, புகையில எல்லாரும் ஓடுங்க" என்றான்.