கைப்பை காப்பி என்று கண்டுபிடித்தீர்கள், அப்புறம்?

அந்தக் கல்யாண ரிசப்ஷன் ரீலை நேற்றிலிருந்து பத்துப் பேராவது அனுப்பிவிட்டீர்கள். பார்த்தேன். விருந்துக்கு வந்த ஒரு பெண்ணின் டியோர் (விலை உயர்ந்த பிரெஞ்சு பிராண்ட்) கைப்பையை ஜூம் பண்ணி, சிவப்பு வட்டம் போட்டு, "ஃபர்ஸ்ட் காப்பி" என்று எழுதி, பின்னால் சிரிப்புச் சத்தம் வேறு.

அசலைப் பார்த்துச் செய்த போலிதான். மறுக்கவில்லை. கைப்பிடி மடங்கும் இடத்தில் ஓரப் பூச்சு வெடித்திருக்கிறது. ஒழுங்கான வேலையில் அந்த ஓரத்துக்கு மெல்லிசாக ஒரு கோட் அடித்து, காயவிட்டு, உப்புத்தாள் தேய்த்து, மறுபடி மறுபடி அடிப்பார்கள். காப்பிக்கு அவ்வளவு நேரம் கிடையாது, தடிமனாக ஒரே கோட். மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், கொஞ்ச நாள் மாட்டினாலே விரிசல். பி.யூ. ரெக்சின், அதாவது பிளாஸ்டிக் பூசிய செயற்கைத் தோல் என்றால் நம் ஊர்ப் புழுக்கத்தில் செதில் செதிலாக உரியவும் செய்யும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். தைத்தவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பது எந்த ஜூமிலும் தெரியாது. ஒரிஜினலிலும் தெரியாது.

2024 ஜூனில் இத்தாலியின் மிலான் நகர நீதிமன்றம் டியோரின் உற்பத்தி நிறுவனம் ஒன்றைத் தன் கண்காணிப்பில் எடுத்தது. மிலான் பக்கத்துச் சப்-கான்ட்ராக்ட் பட்டறைகள்தான் காரணம். ஆட்கள் பட்டறையிலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார்கள். கரண்ட் கணக்கை எடுத்துப் பார்த்தால் ராத்திரியும் விடுமுறை நாளும் மெஷின் ஓடியிருக்கிறது. வேகமாக ஓட வேண்டுமென்று மெஷினின் பாதுகாப்புச் சாதனத்தையே கழற்றி வைத்திருந்தார்கள். ஒரு பையைத் தைத்துக் கொடுக்கப் பட்டறைக்குக் கிடைத்தது 53 யூரோ. கடையில் 2,600.

"53-ல் தோல் விலை சேரவில்லையே" என்பீர்கள். சேரவில்லைதான். தோல், ஜிப், பக்கிள் எல்லாம் சேர்த்துக் கூட்டிவிட்டு வாருங்கள், பேசுவோம்.

"2025 பிப்ரவரியில் கண்காணிப்பை நீக்கிவிட்டார்களே." ஆமாம், சரிசெய்தார்கள். கோர்ட் பிடித்த பிறகு. அர்மானி என்ற இத்தாலிய பிராண்டின் நிறுவனத்துக்கும் இதே மாதிரி கண்காணிப்பு வந்து நீங்கியது. நெறியோடு நடக்கிறோம் என்று சொல்லி நுகர்வோரை ஏமாற்றியதாக 2025 ஆகஸ்ட்டில் இத்தாலியின் வணிகப் போட்டி ஆணையம் அர்மானிக்கு 35 லட்சம் யூரோ அபராதமும் போட்டது. அதற்கு யார் ரீல் போட்டீர்கள்?

"அப்போ திருட்டுக்கு வக்காலத்தா?" இல்லை. காப்பி செய்து விற்கிறவருக்கு நம் நாட்டின் 1999 ட்ரேட்மார்க் சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை இருக்கிறது. பிடித்துப் போடுங்கள். காப்பிப் பட்டறையில் தைக்கிறவர் நிலைமை இதைவிட மோசமாகவும் இருக்கலாம், அங்கே கணக்குக் கேட்கக்கூட ஆள் இல்லை. ஆனால் நீங்கள் விற்றவரைத் தேடிப் போகவில்லை. தைத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு தோழி கல்யாணத்துக்கு ஆசையாக வந்த பெண்தான் கிடைத்தார்.

பையைக் காட்டியது போதாதென்று முகத்தையும் காட்டினீர்கள். கமென்ட்டில் அவர் சம்பளம் எவ்வளவு இருக்கும் என்று பந்தயம் நடக்கிறது. அவர் ப்ரொஃபைலை லாக் செய்துவிட்டார். ரீல் இன்னும் அப்படியே இருக்கிறது. இன்று ராத்திரிக்குள் எடுங்கள்.