வேகமும் மைலேஜும் ஒரே நேரத்தில் வராது
சின்ன டர்போ இன்ஜின் (கூடுதல் காற்றை உள்ளே திணிக்கும் கருவி பொருத்திய இன்ஜின்) இருந்தால் வேகம், மைலேஜ் இரண்டும் கிடைக்கும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். கிடைக்கும், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. 2018-இல் வந்த ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி காரை எடுத்துக்கொள்ளுங்கள்: 1.5 லிட்டர், மூன்றே சிலிண்டர், 200 குதிரைத்திறன், 290 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது, பெட்ரோலை மிச்சப்படுத்த, இன்ஜின் ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோலை நிறுத்தி, அதன் வால்வுகளையும் மூடிவிடும். அந்த மாற்றத்துக்கு ஆவது வெறும் 14 மில்லி செகண்ட், ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. அருமையான வேலை! ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் கதையே வேறு. டர்போ திணிக்கிற காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதாதென்று, பல இன்ஜின்களில் சூட்டைத் தணிக்கவும் கூடுதல் பெட்ரோல் தெளிக்க வேண்டியிருக்கிறது. அப்படி விரட்டிவிட்டு அப்புறம் மைலேஜ் இல்லை என்று இன்ஜினைக் குறை சொல்வது நியாயமே இல்லை. 2023-இல் ஃபியஸ்டா உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.