ஸ்னோ கன் ஐஸ் ஃபேக்டரி இல்ல

மேல ஒரு அண்ணன், "சின்ன ஸ்கீ (பனிச்சறுக்கு) ரிசார்ட்காரங்க ஸ்னோ கன் (செயற்கைப் பனி போடுற மெஷின்) ஒண்ணு வாங்கிட்டா போதும், குளிரே இல்லாட்டியும் சீசன் ஓடும், நம்ம காசிமேடு ஐஸ் ஃபேக்டரி மாதிரிதான்"னு எழுதியிருக்காரு. அது தப்புண்ணே.

சென்னை காசிமேடு மீன்பிடி துறைமுகத்துல மெஷின்ல உடைச்சு மீன்பிடி படகுக்குள்ள கொட்டுற ஐஸ் பாரை உறைய வைக்கிறது கம்ப்ரஸர். ஸ்னோ கன்ல பெரும்பாலும் குளிரூட்டுற வேலையே கிடையாது. அது தண்ணியைப் பொடிப்பொடியா காத்துல பீய்ச்சும், அவ்வளவுதான். உறைய வைக்கிறது வெளிக்காத்து. அதனால ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடுற ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் -2 டிகிரிக்குக் கீழே வரணும். காத்து நல்லா வறண்டிருந்தா சாதா தெர்மாமீட்டர் 0 டிகிரி காட்டும்போதும் பனி விழும். ஈரமா இருந்தா -1ல கூட விழாது.

வெயில்லயும் ஐஸ் துகள் தர்ற மெஷின் தனியா இருக்கு. கரண்ட் நிறைய இழுக்கும், கிடைக்கிறது கொஞ்சம்தான்.

செலவும் கன்னோட நிக்காது. ஒரு ஏக்கர்ல ஒரு அடி உயரம் பனி போட ஏறக்குறைய 5 லட்சம் லிட்டர் தண்ணி வேணும். அதுக்குக் குளம், பம்ப், மலைமேல பைப்லைன். சின்ன ரிசார்ட்டுக்கு இதுதான் பெரிய பாரம். உத்தரகாண்ட் ஆலியில 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்குன்னு பனி மெஷினோட செயற்கைக் குளமும் வச்சாங்க. ஆனா இயற்கைப் பனி குறைஞ்ச வருஷங்கள்ல அங்கயும் போட்டிகள் ரத்தாகியிருக்கு.

இதை நம்பி யாராவது காசு போட்டுடக் கூடாது. தயவுசெஞ்சு அந்த வரியைத் திருத்திடுங்கண்ணே.