வயதோடு நூறைக் கூட்டும் கணக்கு தவறு

அண்ணே, "வயதோடு நூறைக் கூட்டினால் வருவதுதான் சரியான பிரஷர், எண்பது வயதுக்கு 180 இருந்தால் மாத்திரையே வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பழைய கணக்கு. தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

எண்பது தாண்டியவர்களை மட்டும் வைத்து நடந்த ஹைவெட் ஆய்வு 2008-இல் வெளிவந்தது. 3,845 பேர், எல்லோருக்கும் பிரஷரின் மேல் எண் 160 அல்லது அதற்கு அதிகம். ஒரு பாதிக்கு பிரஷர் மாத்திரை, இன்னொரு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. 150/80-க்குக் கொண்டுவருவதுதான் இலக்கு. மருந்து சாப்பிட்டவர்களிடம் மரணம் 21 சதவீதம் குறைவு, இதயச் செயலிழப்பு 64 சதவீதம் குறைவு. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

மாத்திரை சாப்பிட்டால் தலைசுற்றுகிறது என்று நீங்கள் சொல்வது உண்மைதான். காசிமேட்டில் எங்கள் அப்பாவுக்கு 82 வயது. விடியற்காலையில் கட்டிலை விட்டு எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். டாக்டர் உட்கார வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்துவிட்டு மாத்திரையின் அளவைக் குறைத்தார். நிறுத்தவில்லை. அப்புறம் கருவாட்டையும் குறைக்கச் சொன்னார், அதுதான் அப்பாவுக்குக் கஷ்டமாகிவிட்டது.

ராயபுரத்தில் உங்கள் அம்மா நேற்றிலிருந்து மாத்திரை சாப்பிடவில்லை என்கிறீர்கள். இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள், அண்ணே.