மேனார்ட் வழக்குக்குப் பிறகு விதி மாறிவிட்டது
"ஆஸ்திரேலியக் கால்பந்தில், எதிராளி உதைக்கும் பந்தை மறிக்கத் தாவி அவர்மீது மோதியவருக்கு ஆடத் தடை வராது, மேனார்ட் வழக்கே சாட்சி" என்கிறீர்கள். பாதிதான் சரி. 2023 செப்டம்பரில் காலிங்வுட்டின் பிரேடன் மேனார்ட் தாவி, மெல்போர்ன் வீரர் ஆங்கஸ் பிரேஷாவின் தலையில் தோளால் மோதினார். லீக்கின் தீர்ப்பாயம் மேனார்டை விடுவித்தது உண்மைதான். ஆனால் அதற்கப்புறம், அந்த லீக்கை நடத்தும் ஏஎஃப்எல் விதியையே திருத்தியது. 2024 முதல், மறிக்க எழும்பித் தலையில் மோதினால் பொதுவாக அது கவனக்குறைவு என்றே கருதப்படும். மோதலைத் தவிர்க்க நியாயமான எல்லாம் செய்ததாகக் காட்டினால்தான் தப்பலாம்.

திருத்தம் நியாயமானது என்றே நினைக்கிறேன். நினைவிழந்து ஸ்ட்ரெச்சரில் போன பிரேஷா, 2024 பிப்ரவரியில் மருத்துவ ஆலோசனைப்படி ஓய்வுபெற்றார். வயது வெறும் 28. உள்நோக்கம் இல்லை, சரி. தாவினால் எங்கே போய் விழுவோம் என்று யோசிக்கும் பொறுப்பு தாவுபவருக்கு இல்லையா?