மிக்-21 போய்விட்டது, மிக்-29 இன்னும் பறக்கிறது

"இந்திய விமானப்படையில் இனி ஒரு மிக் விமானம்கூட இல்லை" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது மிக்-21 மட்டும்தான். 1963-இல் அதே சண்டிகரில்தான் அது படையில் சேர்ந்தது. 1971 போரில் டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கியதும் இந்த விமானமே. அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த விமானத்தை இப்படி அரைகுறைத் தகவலோடு வழியனுப்புவது வருத்தமாக இருக்கிறது.

மிக் என்பது ஒரே விமானத்தின் பெயர் அல்ல; மிக்கோயான், குரேவிச் இருவரும் தொடங்கிய சோவியத் வடிவமைப்பு நிறுவனத்தின் பெயர். அதன் மிக்-23, மிக்-25, மிக்-27 எல்லாம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. கடைசியாக மிக்-27, 2019 டிசம்பரில் ஜோத்பூரில்.

ஆனால் மிக்-29 வேறு. இரட்டை எஞ்சின் கொண்ட இந்தப் போர் விமானம் 1980-களில் வந்தது. நவீனப்படுத்தப்பட்டு இன்றும் சேவையில் இருக்கிறது. அப்புறம், கடற்படையிடமும் மிக்-29கே உண்டு. விக்ரமாதித்யா கப்பலிலிருந்து பறப்பது அதுதான்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறு: அனுமதிக்கப்பட்ட போர் விமானப் படைப்பிரிவுகள் 42. மிக்-21 போனபின் இருந்தவை 29.